மூன்றாவது பக்கம்

“சத்தமே வரக்கூடாது. ஆனா சுவிட்சு மட்டும் டக்குனு விழணும்!”

ரிப்பேர் கடையே அதிரும்படி கத்தினார் அந்த அம்மாள். மேஜைமேல் அவர் வீட்டுக்காரரின் எலெக்ட்ரிக் கிடார் கிடந்தது.

மெக்கானிக் காதைத் தேய்த்துக்கொண்டார். “அம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன், மெதுவாவே சொல்லுங்க. இந்த சுவிட்சை மூணு பக்கம் தள்ளலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தொனி. இதுல எது வேண்டாம்?”

“மூணும்தான்!”

“அப்ப ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டாப் போதுமே?”

“பிடுங்கினாக் கண்ணுல படும். ஸ்பீக்கர்ல சிவப்பு விளக்கு எரியணும், சுவிட்சைத் தள்ளினா கையில தெரியணும். அவருக்குச் சந்தேகமே வரக்கூடாது.”

“சத்தம் வரலைன்னா சந்தேகம் வராதா?”

“வராது. அதை நான் பார்த்துக்கறேன். தினமும் ஒரு மணி நேரம், தம்பி! தலை வெடிக்குது.”

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. சத்தம் வரவில்லை என்று சொல்லக்கூட அந்த மனுஷனுக்கு வீட்டில் வாய் கிடையாது.

மெக்கானிக்கின் வீட்டிலும் ஒரு டிரம் செட் இருந்தது. இப்போது அதன்மேல் மனைவி மடித்துவைத்த துணிதான் இருக்கிறது.

சுவிட்சைப் பிரித்தார். ஒரு முனையை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். முதல் பக்கம் ஊமை. நடுப் பக்கமும் ஊமை. மூன்றாவது பக்கத்துக்கும் அதே வைத்தியம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

வாசித்துக் காட்டும்போது இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, சட்டென்று கிடாரை உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார். ஓர் அப்பாவியை விடுதலை செய்த திருப்தியில் சாயங்காலம் வரை விசிலடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அதே கிடாரைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார்.

“வாங்க சார்! மூணாவது பக்கம் எப்படி?” என்று கண்ணடித்தார் மெக்கானிக்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

“எழுதிக் காட்டுங்க தம்பி! ரெண்டு வருஷமா ரெண்டு காதும் சுத்தமாக் கேட்காது!”

அவரும் கத்தித்தான் பேசினார். அந்த அம்மாள் ஏன் கத்தினார் என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

நோட்டில் எழுதினார்: ‘அப்புறம் எதுக்கு வாசிக்கறீங்க?’

“விரல் சும்மா இருக்க மாட்டேங்குதே! காது நல்லா இருந்தப்ப நான் கிடாரைத் தொட்டாலே அவ எழுந்து போயிடுவா. காது போனதுலேர்ந்து எதிர்லயே உட்கார்ந்து தலையாட்டறா. ஒரு நாள் தவறினதில்ல.”

மெக்கானிக் அடுத்த தாளைப் புரட்டி எழுதினார்: ‘மன்னிக்கணும் சார். மூணு பக்கத்தையும் ஊமையாக்கச் சொன்னதே அம்மாதான். பாவம் நீங்கன்னு நான்தான் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவச்சேன்.’

பெரியவர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“எல்லாம் தெரியும் தம்பி! ஸ்பீக்கர் மேல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி வச்சிருப்பேன். வாசிச்சா அது அதிரும், அதான் எனக்குக் கணக்கு. முந்தாநாள் முதல் பக்கம், தண்ணி அசையல. நடுப் பக்கம், அசையல. மூணாவது பக்கம் தள்ளினேன், பாதித் தண்ணி கீழ கொட்டிடுச்சு. அவ முகம் அப்படியே கோணிப்போச்சு. ஆனா தலையாட்டறதை மட்டும் நிறுத்தல.”

கிடாரை மெல்ல மேஜைமேல் கிடத்தினார். அதுவரை கத்திக்கொண்டிருந்தவர், யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பக்கத்தையும் ஊமையாக்கிடுங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.”