மூன்றாவது தடவை

“சின்னக்கருப்பு! சின்னக்கருப்பு! கேக்குதா?”

இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு குருசாமி மைக்கை மேஜை மேல் வைத்தார். ஹெட்போனில் காற்று இரைந்தது. பதில் இல்லை.

“இன்னியோட நாலு நாளு. ஏய்யா அழகர், எல்லாம் சரியாப் பாத்தியா?”

“ஏரியலத் திருப்பிக் கட்டியாச்சு சார். பாட்டரி மாத்தியாச்சு. எர்த் கம்பிக்குத் தெனம் ஆறு குடம் தண்ணி ஊத்துறேன். நெல்லு வெதச்சிருந்தா இந்நேரம் மொளச்சிருக்கும்.”

அது 1943. யுத்தத்துக்காக வருசநாட்டுக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் குறுக்கே மலை. ரேடியோ மலையைத் தாண்டாது. அதனால் மலை உச்சியில் ஒரு குடிசை போட்டு, இரண்டு பெட்டிகளை வைத்து, நடுவே உள்ளூர் ஆளான சின்னக்கருப்பை உட்கார்த்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் கேட்பதை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. இதுவரை அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

குருசாமி மதுரையிலிருந்து வந்த மெக்கானிக். காமயகவுண்டன்பட்டி நிலையத்தில் அவருக்கு உள்ளூர் உதவியாள் அழகர். மலையிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தால் போதும், நோட்டில் எழுதிவிட்டு லீவில் போகலாம் என்பது மேலிடத்து உத்தரவு. ஊரில் மனைவி ஞானசெல்வி பெண் குழந்தை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

“நேத்து விழுந்த இடியில பெட்டி கெட்டுப்போச்சோ?” என்றார்.

முந்தின நாள் சாயங்காலம், வாசலில் அழகர் மூங்கில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, குருசாமி அதில் ஏரியல் கம்பியை முடிந்துகொண்டிருந்தபோது இடி இறங்கியது. இருவரும் எழுந்தபோது விடிந்திருந்தது. வெயில் ஏறியும் வெளிச்சம் என்னவோ மங்கலாகவே இருந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

“தொடச்சுப் பாத்துட்டேன் சார். முள்ளு ஆடுது, வெளக்கு எரியுது. பெட்டிக்கு ஒண்ணுமில்ல.”

அப்போது தினமும் சாப்பாடு கொண்டுவரும் பஞ்சம்மாள் கூழ்க் கலயத்தோடு வந்தாள். வாசலில் கம்பத்தடிக்கு வந்ததும் நின்றாள். கலயம் விழுந்து உடைந்தது. “ஆத்தாடி!” என்று அலறிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

“மொத நாளும் இப்பிடித்தான் ஓடுனா,” என்றார் அழகர். “ஆளில்லாம பெட்டி இரையுதாம்.”

கூழ் போனதில் இருவருக்கும் வருத்தமில்லை. காலையிலிருந்து பசியே எடுக்கவில்லை.

குருசாமி மறுபடியும் இரண்டு முறை கூப்பிட்டார். மறுபடியும் காற்று.

“இன்னொரு தடவ சேத்துக் கூப்பிடுங்க சார். அவன் மூணாவது தடவைக்குத்தான் வாயத் தொறப்பான்.”

“என்னது?”

“என் மச்சானப் பத்தி எனக்குத் தெரியாதா? மலையில யாரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும், மொத ரெண்டு தடவைக்கு எங்காளுக ஏன்னு கேக்க மாட்டாக. பேயி ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது தடவைக்கு அதுக்குச் சத்தம் வராது.”

குருசாமி மைக்கைக் கீழே வைத்தார். “இத ஏன்யா நாலு நாளாச் சொல்லல?”

“நீங்க கேக்கலீகளே சார். கம்பத்தத் தூக்குன்னீக, தூக்குனேன்.”

“அதெல்லாம் முடியாது. ரெண்டு தடவ கூப்பிடணும், பெறகு பத்து நிமிசம் மூச்சுக் காட்டக் கூடாது. ராணுவப் புஸ்தகத்துல பதினேழாம் பக்கம்.”

“புஸ்தகம் எழுதுனவுக எங்க மலைக்கு வந்திருக்காகளா?”

வந்ததில்லை. புத்தகம் சீமையில் எழுதப்பட்டது. ராணுவம் கூப்பிடும் முறைக்கும் பேய் கூப்பிடும் முறைக்கும் வித்தியாசமே இல்லை என்பதை எழுதியவர்கள் கவனிக்கவில்லை.

திடீரென்று ஹெட்போன் கரகரத்தது. குருசாமி அதைக் கழற்றி இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

“ஏலே, நீ யாரா இருந்தாலும் சரி,” என்றது சின்னக்கருப்பின் குரல். “நாலு நாளா ரெண்டு ரெண்டாக் கூப்பிட்டு உசுர வாங்குற. மனுசனா இருந்தா மூணாவது தடவ கூப்பிடு. பதில் சொல்றேன்.”

“பேசிட்டான் சார்! நோட்டுல எழுதுங்க!”

“நிலையத்தோட பேரச் சொல்லலையே. இது பதில்ல சேராது.” ஆனாலும் குருசாமி நோட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மகள் யார் சாயலில் இருப்பாள் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பதினேழாம் பக்கத்தை மூடிவைத்தார். வேலையில் சேர்ந்த பிறகு முதன்முதலாக விதியை மீறப் போகும் மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்து மைக்கை எடுத்தார்.

“சின்னக்கருப்பு! சின்னக்கருப்பு!”

மூன்றாம் முறைக்கு வாயைத் திறந்தார். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

அழகர் மைக்கை வாங்கினார். “மச்சான்! மச்சான்!” என்றார். அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை.

“கருப்பசாமி, நீதான் காப்பாத்தணும்,” என்று ஹெட்போனில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. பிறகு இரைச்சலும் நின்றது. மலையில் சின்னக்கருப்பு பெட்டியை அணைத்துவிட்டார்.

அழகர் தங்கள் பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு வாசல் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து இடி பெட்டியில விழுகல சார்.”