சாமி காட்டிய சிரிப்பு

“அது சிரிப்பு இல்லீங்க, ஐயா. ரணஜன்னி வந்து தாடை இறுகிப்போச்சு” என்றாள் நர்ஸ் கலைச்செல்வி.

சின்னான் நம்பவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் சொன்ன எதையும் அவர் லேசில் நம்பியதில்லை.

பிறந்து பத்து நாள்கூட ஆகாத பேரன் வாயை இழுத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, சாமி விளையாட்டுக் காட்டுது, பயல் சிரிக்கிறான் என்று சோளக்காட்டு டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னவர் அவர். பால் குடிக்க மாட்டேன் என்கிறானே என்று மருமகள் மேகலா அழுததற்கு, சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று ஒரு அதட்டுப் போட்டார்.

இப்போது மலைக்குக் கீழே, பெரிய ஆஸ்பத்திரியில், வெளிச்சம் படாத அறையில் பிள்ளை கிடந்தான்.

யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்தது. முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

வெளியே நின்ற சின்னான் கதவுக் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“தொப்புள்ல என்ன வெச்சீங்க?” என்று கேட்டாள் கலைச்செல்வி.

சாணிச் சாம்பல். அவரே துணியில் சலித்துக் கொடுத்தது. எனக்கும் அதைத்தான் வைத்தார்கள், நான் என்ன செத்தா போனேன் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“புள்ளை வயித்துல இருக்கையில அம்மாவுக்கு டி.டி. ஊசி போட்டிருந்தா, புள்ளைக்கும் அது காவலா இருந்திருக்கும். போட்டீங்களா?”

மேகலா தலைகுனிந்துகொண்டாள்.

ஊசி போட ஊருக்குள் வந்த கிராம நர்ஸை வாசலோடு திருப்பி அனுப்பியவர் மாமனார்தான். மருமகள் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவர் சொன்னதை, அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க ஊட்ல யாரும் அந்த ஊசி போட்டதில்லீங்க. எங்க ஒடம்புக்கு அது ஆவாதுங்க” என்றார் சின்னான், குரலை உயர்த்தி.

மேகலா நிமிர்ந்தாள். அவரை எதிர்த்து அவள் ஒரு சொல் பேசியதில்லை. இப்போதும் மெதுவாகத்தான் கேட்டாள்.

“மொளகுக் காட்டுல கணுக்கால்ல அருவா பட்டப்ப, வயித்தைத் தூக்கிக்கிட்டு நான்தானே மாமா உங்களைத் தாங்கிப் புடிச்சு பஸ் ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க நீங்க கேட்டுப் போட்டுக்கிட்டது என்ன ஊசிங்க?”

கலைச்செல்வி அறைக்குள் போய்விட்டாள்.

சின்னான் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து, கணுக்கால் மறைகிற மாதிரி இறக்கிவிட்டுக்கொண்டார்.