இடது தோள்

கடைக்காரர் ஹாரூன் அந்தக் குட்டி லேப்டாப்பை ஒரே கையால் எடுத்து நீட்டினார். "இது வெறும் கூடுதான் மேடம். உள்ள ஒண்ணும் இருக்காது. மெமரி, டிஸ்க் வாங்கிப் போட்டு, எல்லாத்தையும் நாமதான் ஏத்தணும்."

ஜெசிந்தா அதைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. பையிலிருந்த பழைய லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும். புதுச இந்தப் பையில போட்டு மாட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரேன்."

விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. ஊர் ஊராக அந்தப் பழைய கனத்தை வலது தோளில்தான் சுமந்திருக்கிறாள். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனால் எந்த ஸ்டூடியோவிலும் ஒரே பேச்சுதான்: "வலது தோளைக் கொஞ்சம் தூக்குங்கம்மா."

பையில் ஒன்று இருப்பதே தெரியவில்லை. கை வீசி நடந்தாள். தெருமுனைத் துணிக்கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கனம் போயிருந்தது, தோள் மட்டும் அதே சரிவில் இருந்தது. தூக்கிப் பார்த்தாள். விட்டதும் தானாக இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சிரித்துக்கொண்டே பையைக் கழற்றி இடது பக்கம் மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

"எடுத்துக்கறீங்களா மேடம்?" என்றார் ஹாரூன். "மெமரி, டிஸ்க் போட்டு, பழசுல இருக்கறதெல்லாம் இதுல ஏத்தித் தந்துடவா?"

"எடுத்துக்கறேன். பழசு எதையும் ஏத்த வேண்டாம்," என்றவள் தன் இடது தோளைத் தட்டிக் காட்டினாள். "இதுலயும் இன்னும் ஒண்ணும் ஏத்தல."