மூன்றாவது பக்கத்துக் கையெழுத்து

"அவ போயிட்டாம்மா. ஏழு மாசம் ஆச்சு, எங்க இருக்கான்னே தெரியல" என்று சொல்லிவிட்டுப் பேக்கிங் சூப்பர்வைசர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

விடுப்புப் பிரிவு மேசையில் உட்கார்ந்திருந்தவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் தொழிலாளிக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள், சம்பளத்தோடு விடுப்பு. அதற்கான படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

படிவம் மூன்று பக்கம். முதலாவதில் பிள்ளையின் விவரம். இரண்டாவதில், ஏன் தனியாக வளர்க்கிறோம் என்று சொந்தக் கையால் எழுத வேண்டும். துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று, விவாகரத்து என்றால் தீர்ப்பின் நகல் இணைக்க வேண்டும்.

விட்டுவிட்டுப் போயிருந்தால் மட்டும் காட்டுவதற்குக் காகிதம் ஏது? அதற்குத்தான் மூன்றாவது பக்கம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் பிள்ளையோடு நேரில் வர வேண்டும். இரண்டாவது பக்கத்தை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, உண்மைதான் என்று கையெழுத்து வாங்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் வேலை போகும் என்று அடியில் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கும்.

அந்த மூன்றாவது பக்கத்தைச் சேர்க்க வைத்ததே இந்தச் சூப்பர்வைசர்தான். தொழிற்சாலையில் இவருக்கு 'ரூல்ஸ்' என்று பெயர்.

நான்கு வருஷத்துக்கு முன்பு இந்த மேசைக்காரியும் பேக்கிங்கில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகன் கால் முறிந்து கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு, பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு இதே படிவத்தோடு ரூல்ஸ் முன்னால் போய் நின்றாள்.

ரூல்ஸ் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்பது பேர் நடுவில் அவள் எழுதியதை வாசித்தார். "புருஷன் விட்டுட்டுப் போனானா, இல்ல இவ துரத்தி விட்டாளா? நீ சொல்லும்மா" என்று அக்காவைக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். விடுப்பு கிடைத்தது. அந்தச் சிரிப்பு மட்டும் அவள் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.

இப்போது ரூல்ஸ் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"பிள்ளையைப் பார்த்துக்கிறவங்க வந்திருக்காங்களா சார்?"

"வெளிய உக்காந்திருக்கு. சம்பளத்துக்கு வச்ச பொண்ணு. வேற ஆளைக் கூட்டிட்டு வரலாம்னா, குழந்தை யார்கிட்டயும் போகமாட்டேங்குது." படிவத்தைக் கையில் எடுத்தார். "நானே போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்."

"அவங்க உள்ள வரணும் சார்."

மூன்று வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வந்ததும் முதல் வேலையாக, உள்ளே மடிந்திருந்த அவருடைய சட்டைக் காலரை வெளியே எடுத்துவிட்டாள். அவர் தோளை வெடுக்கென்று விலக்கிக்கொண்டார்.

காலரை எடுத்துவிடக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, வீட்டிலும் இந்த மனுஷன் ஆட்டி வைக்கிறார் போலிருக்கிறது என்று மேசைக்காரி பல்லைக் கடித்தாள்.

ரூல்ஸ் இரண்டாவது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மூன்றாவதை மட்டும் நகர்த்தினார். "இங்க போடு. போட்டுட்டுக் கிளம்பு, குழந்தைக்குத் தூக்கம் வருது."

"வாசிச்சுக் காட்டணும் சார்."

"நமக்குள்ள என்னம்மா அதெல்லாம்? பழகின ஆளுங்க."

"நீங்க போட்ட ரூலாச்சே. நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. "கதவையாவது சாத்திடறேன்."

"என்னோடதை வாசிச்சப்போ சாத்துறதுக்குக் கதவே இல்ல சார்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. டீ டம்ளரோடு இரண்டு பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு கணம் அவள் மனம் இளகப் பார்த்தது. பெண்டாட்டி ஓடிப்போன மனுஷன், கையில் ஒரு சின்னக் குழந்தை. இவனை அம்பலத்தில் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? அப்புறம் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. கையை நீட்டி, அவருடைய உள்ளங்கைக்கு அடியிலிருந்து தாளை உருவினாள்.

பேக்கிங் ஹாலில் அவர் வாசித்த அதே குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசித்தாள்.

"என் மனைவி ஏழு மாதங்களுக்கு முன் வேறொரு ஆணுடன் ஓடிப்போய்விட்டாள். பெற்ற பிள்ளையை இன்றுவரை வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெண்தான் குழந்தையைக் கவனித்துக்கொள்கிறாள்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரூல்ஸ் தலை நிமிரவில்லை. நான்கு வருஷக் கடன் தீர்ந்ததுபோல் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "உங்களுக்குத் தெரிஞ்சு இதெல்லாம் உண்மைதானாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பெண் பேனாவை வாங்கவில்லை. தூங்கிவிட்ட குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, ரூல்ஸின் குனிந்த தலையைப் பார்த்தாள்.

"அந்த ஓடிப்போனவ நான்தாம்மா."