கவுனின் அகலம்

“பாப்பா, இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

அப்பாவை வெட்டியவனைக் கைகாட்டிய சிறுமியிடம் எதிர்த்தரப்பு வக்கீல் அனந்தசயனம் கேட்டார். பல வருஷங்களுக்கு முன், சிறுமியாக இதே கூண்டில் நின்ற தமயந்தியிடமும் இதைத்தான் கேட்டார். அன்று பயந்துபோன தமயந்தி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “பாருங்க, அம்மா சொல்லிக்கொடுத்த சாட்சி” என்றார். அவள் அப்பாவை வெட்டியவன் சிரித்தபடி வெளியே போனான்.

இன்று அரசு வழக்கறிஞரான தமயந்தி, சிறுமியின் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்து கறுப்பு கவுனை அகலமாக்கிக்கொண்டாள். திரும்பிய சிறுமிக்கு கவுன்தான் தெரிந்தது.

“யாரும் சொல்லித்தரல. நானே பார்த்தேன்.”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா” என்றார் அனந்தசயனம் எரிச்சலாக.

தமயந்தி சிரித்தாள்.

“இங்க நிக்கத்தான் சார் வக்கீலுக்கே படிச்சேன்.”