தலையசைப்பு

அது நாற்பதாவது முறையா, நாற்பத்தொன்றாவதா என்று இப்போது சரியாக நினைவில்லை. மேடையில் அதே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து வயலின்காரருக்குத் தோள் கடுத்துப்போனது மட்டும் நிஜம். முப்பத்திரண்டு முறை முடிந்ததும் செல்லோக்காரி தலையசைக்க வேண்டும். அதன்பிறகே அடுத்த வரி. அவள் அசைக்கவில்லை. முன்வரிசையில் இசையமைப்பாளர் நெளிந்தார்.

"தலைய ஆட்டு!" என்று வயலின்காரர் கிசுகிசுத்தார்.

"முப்பத்திரண்டு ஆயிடுச்சா? எனக்குத்தான் எண்ணவே தெரியாதே."

"யாரு சொன்னா?"

"நீங்கதான், காலையில எங்கம்மாகிட்ட. 'உங்க பொண்ணைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து மேடையில அவளுக்கும் சேத்து நானேதான் எண்ணுறேன்'னு."

வில்லை நிறுத்தாமலே அவர் கெஞ்சினார். "தப்புதான் தாயே! உனக்கு எண்ணத் தெரியும்."

"அறுபத்திமூணு" என்று சொல்லி அவள் தலையசைத்தாள்.

வாசித்து முடித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இசையமைப்பாளர் இசைக்குறிப்பின் அச்சுப் பிரதியில் முப்பத்திரண்டை அறுபத்து மூன்று என்றே திருத்திவிட்டார். வயலின்காரர் இப்போதெல்லாம் மாமியாரிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.