மேட்டுக்கு ஒரு பேர்

"புது வரைபடத்துல நிலத்தோட பேரையும் சேர்க்கச் சொல்லியிருக்காங்க. ஒரு தடவை ஏறிட்டா அப்புறம் மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"யோசிக்கவே வேணாம் சார்," என்றார் அண்ணன்.

இதற்காகவே நகரத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்திருந்தார். பதினேழு வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு போனவர், அம்மா இறந்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார். தம்பி ஒருநாளும் இந்த நிலத்தை விட்டு நகர்ந்ததில்லை.

சர்வேயர் முதல் துண்டைக் காட்டினார்.

"சித்தப்பா விழுந்த பள்ளம்," என்றார் அண்ணன்.

"நிஜமாவே விழுந்தாரா?"

"ரெண்டு தடவை சார். முதல் தடவை எப்படி விழுந்தேன்னு காட்டப் போய் ரெண்டாவது தடவை."

"ஓடைக்கு அந்தப் பக்கம்?"

"அத்தை கோவிச்சுக்கிட்ட மூலை."

"சமாதானம் பண்ண யாரும் போகலை. பசிச்சதும் அவங்களே வந்துட்டாங்க," என்றார் தம்பி.

சர்வேயர் சிரித்துக்கொண்டே எழுதினார். மூவரும் மேட்டில் ஏறி நின்றார்கள். ஓடை, வயல், தூரத்தில் பஸ் போகும் சாலை எல்லாம் தெரிந்தன.

"இதுக்கு?"

தம்பி முந்திக்கொண்டார். "இதுக்குப் பேர் ஒண்ணும் இல்ல சார். சும்மா மேடுன்னு போட்டுக்குங்க."

அண்ணனுக்குச் சுருக்கென்றது.

"டேய், பேர் இல்லாத மண்ணு ஒரு அடி இருக்காடா இங்கே? களிமண் மேடுடா இது!"

"ஆமாண்ணே, அதேதான். மறந்து போச்சு."

"மறந்து போச்சா? எங்கேயோ கிடக்கிற எனக்கு ஞாபகம் இருக்கு, தினமும் மிதிக்கிற உனக்கு மறந்து போச்சா? அம்மா இருந்திருந்தா காதைத் திருகியிருப்பா. பாசம்னு ஒண்ணு இருந்தா மறக்குமாடா?"

தம்பி அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தார்.

"எழுதிக்குங்க சார், களிமண் மேடு. நல்லவேளை, நான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, காரிலிருந்து தண்ணீர் எடுத்துவர அண்ணன் கீழே இறங்கினார்.

அவர் தலை மறையும்வரை சர்வேயர் காத்திருந்தார்.

"ஏங்க, காலையில நான் வழி கேட்ட மூணு பேரும் இதுக்கு வேற பேர் சொன்னாங்களே?"

"மெதுவா பேசுங்க சார். அது அண்ணன் போனதுக்கு அப்புறம் வந்த பேரு. அவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

"உங்களை இந்தத் திட்டு திட்டுறாரே?"

"திட்டிட்டுப் போகட்டும் சார். நிம்மதியா ஊர் போய்ச் சேரணும்ல?"

சர்வேயர் வரைபடத்தைப் பிரித்தார். காலையில் பென்சிலால் குறித்து வைத்திருந்த 'அம்மா வழி பார்த்த மேடு' என்பதை ரப்பரால் அழித்துவிட்டு, 'களிமண் மேடு' என்று பேனாவால் எழுதினார்.